பலகையைப் பார்க்கும் பணம்

நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி தமிழ்நாட்டில் வறியோர் நூற்றுக்கு 2.20 பேர். கேரளத்தில் 0.55. உத்தரப்பிரதேசத்தில் 22.93, ஜார்க்கண்டில் 28.81, பீகாரில் 33.76. நாட்டின் சராசரி 14.96. இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் மாநிலங்கள் கல்விக்குச் செய்யும் செலவை வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள மாநிலத்தில் தலைக்குச் செலவாகும் தொகை குறைவு. ஏழைகள் குறைந்த மாநிலத்தில் அது கூடுதல். இதை வைத்துக்கொண்டு இரண்டு தரப்புகள் பேசுகின்றன. தமிழ்நாடு தன் உழைப்பில் முன்னேறியது, அதன் வரிப்பணத்தை வடக்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்பது ஒரு தரப்பு. தமிழ்நாட்டுக்கு என்ன குறை, ஏழை மாநிலங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டிலும் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று இந்தக் கணக்கைப் போட்டால்தான் அந்த ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது.

ஏன் தூத்துக்குடி? 1974 முதல் பெருந்துறைமுகம் இயங்கும் ஊர். உர ஆலை, அனல்மின் நிலையம், இப்போது மின்சார கார் தொழிற்சாலை என்று முதலீடு வந்துகொண்டே இருக்கும் ஊர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 86.16 விழுக்காடு, மாநிலத்தின் சராசரியோ 80.09. பட்டியலைப் பார்க்கிறவர் இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். ஆனால் அந்தத் துறைமுகச் சாலையை ஒட்டியே முள்ளக்காட்டு உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. வடக்கே திரேஸ்புரம், தருவைகுளம், வைப்பாறு, வேம்பார். தெற்கே புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு, பெரியதாழை என்று மீனவர் ஊர்கள். இங்கே வறுமைக்கு நாள்காட்டி உண்டு. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் வருமானம் நின்றுபோகும் அந்த நாட்களின் கடைசியில்தான் பள்ளி திறக்கிறது. அக்டோபரில் மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை இல்லை. டிசம்பர் வரை பாத்தியில் தண்ணீர்தான். அரையாண்டுத் தேர்வு நடப்பதும் அந்தக் காலத்தில்தான். அரசு இதை அறியாமல் இல்லை. தடைக்கால நிவாரணம் இப்போது 8,000 ரூபாய். உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். எந்த மாதத்தில் எந்த வீட்டில் கஞ்சிக்குத் திண்டாட்டம் என்பது வருவாய்த்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் தெரிந்திருக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் நிதி ஒதுக்கீட்டில் மட்டும் அந்தத் தகவலுக்கு இடமில்லை.

முதலில் அந்த 2.20-ஐ எடுத்துக்கொள்வோம். பல்பரிமாணக் குறியீடு வருமானத்தை அளப்பதில்லை. ஊட்டச்சத்து, குழந்தை இறப்பு, பேறுகால நலம், படித்த ஆண்டுகள், பள்ளி வருகை, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள், வங்கிக் கணக்கு ஆகிய 12 அளவைகளை வைத்து ஒரு குடும்பத்துக்கு மதிப்பெண் போடுகிறது. வீட்டில் பத்து வயதைத் தாண்டிய ஒருவராவது ஆறாண்டுக் கல்வியை முடித்திருந்தால் அந்தக் குடும்பம் கல்வியில் ஏழை இல்லை. பிள்ளைகள் எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்குப் போய்வந்தால் வருகையிலும் ஏழை இல்லை. மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கல்விக்குரியது. உப்பு வாரிக் கூலி வாங்கும் தாய்க்கு மூத்த மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள், வீட்டில் மின்விளக்கு எரிகிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது என்றால் அந்தத் தாய் இந்தக் கணக்கில் வறியவளாக வருவது அரிது. மழை மூன்று மாதமும் அவள் வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிடுகிறாள் என்பது இதில் ஏறாது.

குறியீடு தவறு என்று நான் சொல்லவில்லை. பீகாரையும் தமிழ்நாட்டையும் ஒப்பிட அது பயன்படும். ஆனால் பள்ளி நிதிக்கும் மாணவர் வறுமைக்கும் உள்ள உறவை அளக்க இதையே பயன்படுத்தினால் கணக்கு தன்னைத்தானே சுற்றி வருகிறது. 1956-ல் இதே மாவட்டத்து எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்த மதிய உணவுத் திட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்தது. 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு அதை விரித்தது. பள்ளிக்குச் செலவிட்டதால் வருகை கூடியது. வருகை கூடியதால் குறியீட்டில் வறுமை குறைந்தது. அந்தக் குறைந்த எண்ணைக் காட்டி, இனிப் பள்ளிக்குச் செலவு வேண்டாம் என்று சொன்னால் அது எப்படி நியாயமாகும்?

இனி செலவுக் கணக்கு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு பள்ளிக்கல்விக்கு 46,767 கோடியும் உயர்கல்விக்கு 8,494 கோடியும் ஒதுக்கியது. சேர்த்தால் 55,261 கோடி ரூபாய். அதே ஆண்டு பீகார் கல்விக்கு ஒதுக்கியது ஏறக்குறைய 60,964 கோடி. தொகையை மட்டும் பார்த்தால் பீகார்தான் முன்னே நிற்கிறது. பீகாரின் மொத்த நிதிநிலை 3.17 லட்சம் கோடி. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கல்விக்குப் போகிறது. தமிழ்நாட்டின் மொத்தச் செலவு 4.39 லட்சம் கோடி. அதில் எட்டில் ஒரு பங்கு. சத்துணவும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் வேறு துறைக் கணக்கில் வருவதால் நம் பங்கு கொஞ்சம் கூடும். அப்படியே வைத்துக்கொண்டாலும், கல்விக்காகத் தன்னை அதிகம் வருத்திக்கொள்வது பீகார்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இதைத் தமிழ்நாட்டில் யாரும் சொல்வதில்லை.

ஆனால் பீகாரின் 2023 சாதிவாரிக் கணக்கெடுப்பு அந்த மாநில மக்கள்தொகையை 13 கோடிக்கு மேல் காட்டியது. தலைக்கு வகுத்தால் பீகாரில் 4,700 ரூபாய்கூட வரவில்லை. தமிழ்நாட்டில் 7,000 ரூபாயைத் தாண்டுகிறது. பீகாரின் மக்கள்தொகையில் பிள்ளைகளின் பங்கும் அதிகம் என்பதால், ஒரு மாணவருக்கு என்று பார்த்தால் இடைவெளி இன்னும் அகலும். அதே கணக்கெடுப்பு, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் மாதம் 6,000 ரூபாய் அல்லது அதற்கும் குறைவான வருமானத்தில் இருப்பதாகச் சொன்னது. அரசின் கையில் வருவாய் இல்லாதபோது ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக் கொடுத்தாலும் பிள்ளைக்குப் போய்ச் சேர்வது சொற்பம்தான். 2023-24-ல் நம் மாநிலத்தின் தனிநபர் வருமானம் ஆண்டுக்கு மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது; பீகாருடையது அறுபதாயிரத்தை ஒட்டி நின்றது.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் நம் சிக்கலின் வடிவம் இன்னும் தெளிவாகும். அங்கே பள்ளி நிதியில் பெரும் பகுதி உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. அதனால் ஒரே மாநிலத்துக்குள் பணக்காரப் பேட்டையின் பள்ளிக்கும் ஏழைப் பேட்டையின் பள்ளிக்கும் இடையே பிளவு. கல்வி கூட்டாட்சி அரசமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்ல என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 1973-ல் டெக்சாஸ் வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. இங்கே மணப்பாட்டு ஆசிரியருக்கும் மயிலாப்பூர் ஆசிரியருக்கும் ஒரே ஊதிய விகிதம். நம் பிளவு மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் நடுவே விழுகிறது. 2002-ன் 86-வது அரசமைப்புத் திருத்தத்தால் 6 முதல் 14 வயது வரை கல்வி நாடு முழுமைக்கும் அடிப்படை உரிமை. உரிமையைக் கொடுத்தது நாடு. செலவில் பெரும் பகுதியைச் சுமப்பது மாநிலம். பாட்னாவில் பிறந்த பிள்ளைக்கும் திரேஸ்புரத்தில் பிறந்த பிள்ளைக்கும் உரிமை ஒன்று, அதற்குப் பின்னால் நிற்கும் பணம் வேறு. இந்த இடைவெளியை நிரப்பும் கடமை ஒன்றிய அரசுக்கு உண்டு. அதை எப்படிச் செய்கிறது என்பதுதான் கேள்வி.

முதல் வழி நிதி ஆணையம். 15-வது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்குப் பகிரத்தக்க வரியில் தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடு, பீகாருக்கு 10.058, உத்தரப்பிரதேசத்துக்கு 17.939 என்று வகுத்தது. 9-வது ஆணையக் காலத்தில் நம் பங்கு 7.931. சரிவு கண்கூடு. அந்த ஆணையம் வகுத்த முறையில் 45 விழுக்காடு எடை, மாநிலத்தின் தனிநபர் வருமானம் பணக்கார மாநிலத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதற்கு. இந்தக் கோட்பாட்டை நான் மறுக்கவில்லை. பீகார்ப் பிள்ளையின் பள்ளிக்குப் பணம் போவதில் தமிழ்நாடு வருந்த ஒன்றுமில்லை. சமூகநீதி பேசும் மண் அதை வரவேற்கத்தான் வேண்டும். மறுக்க வேண்டியவை வேறு இரண்டு. வரிப்பகிர்வாகப் போகும் பணம் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. இன்னொன்று, மேல்வரியும் கூடுதல் வரியும் பகிர்வுக்குள் வருவதே இல்லை. 2004 முதல் கல்வியின் பெயரைச் சொல்லியே மேல்வரி வாங்குகிறார்கள். இன்று வருமான வரியின் மீது சுகாதாரத்துக்கும் கல்விக்குமாக 4 விழுக்காடு. இடைநிலைக் கல்விக்கும் உயர்கல்விக்கும் என்று 2006-07 முதல் 2017-18 வரை வசூலான 94,036 கோடி ரூபாய் அதற்குரிய நிதியத்தில் சேர்க்கப்படவில்லை என்று கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கையே சுட்டிக்காட்டியது. பீகாரோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு, இரு மாநிலங்களும் சேர்ந்து கேட்க வேண்டிய பணம் அது.

இரண்டாவது வழி ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டம். சமக்ர சிக்‌ஷா என்று 2018-ல் தொடங்கியது. ஒன்றியம் 60, மாநிலம் 40. 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு ஒப்புதலான தொகை 3,586 கோடி. அதில் ஒன்றியத்தின் பங்கு 2,152 கோடி. அந்த ஆண்டு ஒரு ரூபாயும் வரவில்லை. தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கும் பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பது காரணம். கேரளமும் மேற்கு வங்கமும் இதே காரணத்தால் பணம் இழந்தன. ஒன்றியத்தின் வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். நிபந்தனையோடு கொடுக்கும் மானியம் உலகெங்கும் உண்டு. சமக்ர சிக்‌ஷாவை 2021-ல் புதுப்பித்தபோதே கல்விக் கொள்கையோடு இணைத்துத்தான் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. திட்டத்தின் பணம் வேண்டும், கொள்கை வேண்டாம் என்றால் எப்படி என்று அவர்கள் கேட்பதில் ஒரு தர்க்கம் இருக்கிறது.

ஆனால் அந்தத் தர்க்கம் நிற்கவில்லை. பிஎம் ஸ்ரீ என்பது நாடு முழுவதும் 14,500 பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக்கும் தனித் திட்டம். அதில் சேராத குற்றத்துக்கு, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியர் ஊதியம் கொடுக்கும் வேறொரு திட்டத்தை நிறுத்துவது முறையில்லை. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 7-வது பிரிவு செலவைப் பகிரும் பொறுப்பை இரு அரசுகள் மீதும் வைத்திருக்கிறது. அந்தப் பிரிவில் கையெழுத்து நிபந்தனை எதுவும் இல்லை. திக்விஜய் சிங் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 மார்ச்சில், இப்படி நிறுத்திவைத்தது நியாயமில்லை என்றே சொன்னது. அதே ஆண்டு மே மாதம், ஒரு மாநிலம் கல்விக் கொள்கையை ஏற்றே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என உச்ச நீதிமன்றம் ஒரு மனுவைத் தள்ளுபடி செய்தது. வட்டியையும் சேர்த்து 2,291 கோடியைக் கேட்டுத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. இந்த விஷயத்தில் என் தீர்ப்பில் தயக்கம் இல்லை. கொள்கைச் சண்டையில் பிள்ளைகளின் பணத்தைப் பிடித்துவைத்தது தவறு. 1976-ல் 42-வது திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது இப்படி ஒரு பிடியை உண்டாக்கத்தானா என்ற கேள்வி எழுவதையும் தவிர்க்க முடியவில்லை.

தமிழ்நாடு அரசின் பக்கமும் ஒரு கறை இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு. ஒன்றியப் பணம் வரவில்லை என்று சொல்லி 2025-ல் அந்தச் சேர்க்கையையே மாநிலம் தொடங்கவில்லை. ஒன்றிய நிதி வராததைக் காரணம் காட்டி மாநிலம் தன் கடமையிலிருந்து விலக முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூனில் சொன்னது. அந்தக் கூறுக்குரிய பணம் வந்து, சேர்க்கை தொடங்கியபோது அக்டோபர் ஆகிவிட்டது. பள்ளி திறந்து நான்கு மாதம் முடிந்திருந்தது. 46,767 கோடி ஒதுக்கும் ஒரு மாநிலம் அந்தச் சில நூறு கோடியை முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு டெல்லியோடு வழக்காடியிருக்கலாம். ஒன்றியம் செய்த தவறுக்கு மாநிலம் தன் ஏழைகளையே சாட்சியாக நிறுத்தியிருக்கக் கூடாது.

இதுவரை பேசியது மாநிலங்களுக்கு இடையிலான கணக்கு. கடற்கரைக்குள் இறங்கினால் வேறொரு பிளவு தெரிகிறது. எனக்கு இதுவே அதிகம் வலிக்கிறது. முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இந்தக் கரையில் பள்ளிக்கூடம் அரசுப் பெயர்ப்பலகையோடு வரவில்லை. இயேசு சபைத் துறவி சேவியர் 1542-ல் இந்தக் கரைக்கு வந்தபோது பரதவர்கள் ஆண்டுதோறும் போர்ச்சுகல் அரசிக்குக் காணிக்கையாகச் செலுத்திவந்த 4,000 பணத்தை, ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்கு என்று கேட்டு வாங்கினார். கடலில் மூழ்கி எடுத்த முத்தின் வருமானம் மறுபடி ஊருக்கே வந்தது. பொதுப்பணம் பிள்ளைகளின் கல்விக்குத் திரும்பிய கதை இந்தக் கரையில் அவ்வளவு பழையது. ஹென்றிக்ஸ் அடிகளார் புன்னைக்காயலில் 1586-ல் தமிழ்ப் புத்தகம் அச்சிட்டார். பிறகு நாசரேத்திலும் சாயர்புரத்திலும் சீர்திருத்தச் சபையார், மகமை என்னும் ஊர்ப் பொதுநிதியில் நாடார் பெருமக்கள், 1923 முதல் தூத்துக்குடி மறைமாவட்டம் என்று பள்ளிகள் பெருகின. 1854-ல் வுட் அறிக்கை கொண்டுவந்த உதவி மானிய முறையின் கீழ் இவை அரசு உதவி பெறும் பள்ளிகளாயின. அரசு ஊதியம் கொடுக்கும், நிர்வாகம் மற்றவர் கையில். 1961-ல் கடைசி முத்துச் சலாபம் நடந்து முடிந்தது. முத்து வருமானம் போயிற்று. பள்ளிகள் நின்றன.

அதன் விளைவு என்ன? கடலோரத்து ஏழைப் பிள்ளை பல ஊர்களில் அரசுப் பள்ளியில் இல்லை, கோயிலை ஒட்டிய உதவி பெறும் பள்ளியில் இருக்கிறது. அது பெற்றோர் தேடிப்பிடித்த சலுகையும் இல்லை. ஊரில் இருப்பது அந்த ஒரு பள்ளிதான். ஆனால் அரசின் நலத்திட்டம் ஒவ்வொன்றும் முதலில் பள்ளியின் பலகையைப் பார்க்கிறது. காலை உணவு 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஊரக உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில். நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில். தூத்துக்குடி நகரத்துக்குள் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு மீனவர் வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று சாப்பிட்டுவிட்டுப் பாடம் கேட்டது. மற்றொன்று இரண்டு ஆண்டு காத்திருந்தது. உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டும் தொடங்கியது. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் அதை விரித்த விழா 2024 டிசம்பர் 30-ல் தூத்துக்குடியிலேயே நடந்தது. இடம் பொருத்தமானதுதான், இரண்டு ஆண்டுத் தாமதத்துக்கு விளக்கம் இல்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2020-ல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிக்கு இல்லை.

அரசுத் தரப்பு சொல்லும் காரணம் ஒன்று உண்டு. உதவி பெறும் பள்ளிகளில் வசதி உள்ளவர்களும் படிக்கிறார்கள், நிர்வாகங்களுக்கு வேறு வருமானம் இருக்கிறது என்பார்கள். நகரத்தின் பெயர்பெற்ற சில பள்ளிகளுக்கு இது பொருந்தும். பெரியதாழைக்குப் பொருந்தாது. ஒரு வகைப் பள்ளிக்குள் பணக்காரரும் ஏழையும் கலந்திருக்கிறார்கள் என்றால், பள்ளியின் வகையைப் பார்த்துப் பணம் கொடுப்பது தவறான அளவுகோல் என்பதற்கு அதுவே சான்று. ஒன்றிய அரசு கையெழுத்தைப் பார்க்கிறது, மாநில அரசு பலகையைப் பார்க்கிறது. இரண்டு இடத்திலும் பார்க்கப்படாதது பிள்ளையின் வயிறு.

சட்டமும் இந்தக் கரையில் தடுமாறுகிறது. உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும் சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மை உரிமையைக் காப்பதற்கான தீர்ப்பு அது. ஆனால் சிறுபான்மைப் பள்ளியே பெரும்பான்மைப் பள்ளியாக இருக்கும் கடலோரத்தில், தேசியச் சட்டம் தரும் உத்தரவாதம் பள்ளி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

நிதி ஊருக்கு வந்துசேரும் முறையைப் பார்த்தாலும் வறுமைக்கு எடை இல்லை. சமக்ர சிக்‌ஷாவின் கூட்டுப் பள்ளி மானியம் தலையெண்ணிக்கையை வைத்து வருகிறது. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. நூறு பிள்ளைகளும் உப்பளக் குடும்பத்தினராக இருந்தாலும் அதே 25,000. நூறு பேரும் அரசு ஊழியர் பிள்ளைகளாக இருந்தாலும் அதே 25,000. மாநில ஒதுக்கீட்டில் பெரும் பகுதி ஆசிரியர் ஊதியம். ஆசிரியர் பணியிடத்தை ஆகஸ்டு மாத மாணவர் எண்ணிக்கை முடிவு செய்கிறது. பிழைப்புத் தேடி நாலு குடும்பம் ஊர் மாறினால் பணியிடம் உபரியாகிவிடும். இடமாறுதல் கலந்தாய்வில் அனுபவம் மிக்கவர்கள் நகரத்தை ஒட்டிய பள்ளிகளை எடுத்துக்கொள்ள, பேருந்து குறைந்த ஊர்களுக்குப் புதியவர்கள் வந்து போகிறார்கள். மூப்பு கூடினால் ஊதியம் கூடும் என்பதால், கணக்குப் பார்த்தால் அரசு வசதியான ஊரின் பிள்ளைக்கே தலைக்கு அதிகம் செலவிடுகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்த அநீதி இது இல்லை. ஆனாலும் ஆண்டுதோறும் நடக்கிறது.

தமிழ்நாடு மற்ற மாநிலங்களைவிட அதிகம் செலவிடுகிறது என்ற பெருமைக்கு வருவோம். உயர்கல்விச் சேர்க்கையில் அந்தப் பெருமை நியாயமானது. 2021-22 ஆய்வில் நம் மொத்தச் சேர்க்கை விகிதம் 47, நாட்டுக்கு 28.4, பீகாருக்கு 17.1. ஆனால் அடிவகுப்பில் நிலைமை வேறு. 2024-ன் அசர் ஆய்வில் அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாடு முழுவதும் 23.4 விழுக்காடு, உத்தரப்பிரதேசத்தில் 27.9. தமிழ்நாடு இவ்விரண்டையும்விட வெகுவாகப் பின்தங்கி நின்றது. ஊரகங்களில் மட்டும், சில பிள்ளைகளை வைத்து எடுக்கும் ஆய்வு அது என்ற மறுப்பில் பொருள் உண்டு. மாநிலத் திட்டக் குழு 2025-ல் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்திய அடைவு ஆய்வு மேலான முடிவைக் காட்டியது. எந்த ஆய்வை ஏற்றாலும், தலைக்குச் செலவு கூடியதனால் மட்டும் படிப்பு கூடிவிடாது என்பது தெரிகிறது. பணம் எந்தப் பிள்ளைக்கு, எந்த வகுப்பில், எந்த மாதத்தில் போகிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 2011 முதல், இலவச உணவுக்குத் தகுதி பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்குத் தனித்தொகை போகிறது. 2024-25-ல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 1,480 பவுண்டு. பிள்ளை எந்த வகை அரசு நிதிப் பள்ளியில் படித்தாலும் தொகை கூடவே போகும். அதனால் அங்கே ஏழை, பணக்காரப் பிள்ளைகளின் இடைவெளி மூடிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பணம் யாருக்காக வருகிறது என்பது தலைமையாசிரியருக்குத் தெரியும். தமிழ்நாட்டில் இதைச் செய்யப் புதிய கணக்கெடுப்பு தேவையில்லை. ஒவ்வொரு மாணவரும் எமிஸ் என்னும் மாணவர் பதிவேட்டில் இருக்கிறார். மிக வறிய குடும்பங்களுக்கான அந்த்யோதயா குடும்ப அட்டைப் பட்டியல் இருக்கிறது. தடைக்கால நிவாரணம் வாங்கும் குடும்பங்களின் பட்டியல் இருக்கிறது. மழைக்கால நிவாரணம் வாங்கும் உப்பளத் தொழிலாளர் பட்டியல் இருக்கிறது. மூன்றையும் மாணவர் பதிவோடு சேர்த்தால், எந்தப் பள்ளியில் எத்தனை ஏழைப் பிள்ளைகள் என்பது வந்துவிடும். அந்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுதல் மானியமும் கூடுதல் ஆசிரியரும் தரலாம். பள்ளி அரசுடையதா, சபையுடையதா, மகமையுடையதா என்று பார்க்காமல் தரலாம். நிர்வாகம் அந்தப் பணத்தை வேறு வழியில் செலவிட்டுவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. பெற்றோர் அதிகம் உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் கணக்கை வைக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்குப் போதும்.

ஆகவே என் தீர்ப்பு இது. மாநிலங்களுக்கு இடையே ஏழை மாநிலத்துக்குக் கூடுதல் பணம் போவது சரி. மேல்வரியைப் பகிராமல் வைத்துக்கொள்வது தவறு. கையெழுத்து இல்லை என்று 2,152 கோடியை நிறுத்தியது தவறு. அந்தத் தவறைக் காரணம் காட்டி ஏழைகளின் சேர்க்கையை அக்டோபர் வரை தள்ளியதும் தவறு. மாநிலத்துக்குள் பள்ளியின் வகையைப் பார்த்துப் பணம் பிரிப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஏனென்றால் அதைத் திருத்த டெல்லியின் அனுமதி வேண்டாம். சென்னையில் ஓர் அரசாணை போதும். காலை உணவையும் புதுமைப்பெண்ணையும் உதவி பெறும் பள்ளிகளுக்கு விரித்த அரசு, அடுத்து 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டை அந்தப் பள்ளிகளின் அந்த்யோதயா அட்டை, மீனவர், உப்பளத் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளுக்கு விரிக்க வேண்டும். கூட்டுப் பள்ளி மானியத்தின் மேல் வறுமைக்குரிய தொகையைத் தன் பங்காகச் சேர்க்க வேண்டும். வரும் ஜூனில் தடைக்காலம் முடியும் முன்பே பள்ளி திறந்துவிடும். அதற்குள் முதல் தவணை வேம்பாருக்கும் பெரியதாழைக்கும் போய்ச் சேரட்டும்.